கோல் சொல்லும் கணக்கு

அரிசிப் பானையை நாள்தோறும் திறந்து பார்க்கின்றோம். கோடை வந்துவிட்டால் கிணற்றில் நீர் எவ்வளவு இறங்கியிருக்கின்றதென்று எட்டிப் பார்க்கின்றோம். ஆனால், வாசலில் நிற்கும் மோட்டார்க் காரின் எஞ்சினுக்குள் ஒயில் எவ்வளவு கிடக்கின்றதென்று பார்ப்பவர்கள் நம்முள் எத்தனை பேர்? இவ்வாரம் அதனைப் பற்றி எழுத நினைத்தேன். வாசகர்கள் இதனைப் புத்திமதி என்று கொள்ள வேண்டாம். நான் பட்ட பாட்டின் கதை இது.

பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்கமாட்டோம். அவ்வாண்டில் ஒயிலின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போயிற்று. என்னிடமிருந்ததோ வயது முதிர்ந்த சிறிய கார். ஒயில் மாற்றும் நாளை ஒரு மாதம் தள்ளினேன். பின்னர் இன்னொரு மாதம் தள்ளினேன். அதுகூடப் பெருங்குற்றமன்று. தள்ளிப்போட்ட அந்நாட்களில், உள்ளே என்ன இருக்கின்றதென்று ஒருமுறையேனும் பார்க்காமல் விட்டேனே, அதுவே குற்றம்.

ஒருநாள் அதிகாலையில் படுவான்கரையிலிருந்து செய்தி வந்தது. கொக்கட்டிச்சோலையில் இருக்கும் என் மாமிக்கு மூச்சு முட்டுகின்றது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். விரைந்து சென்று அவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கி மறைந்தது. மாமியின் முகத்தைப் பார்ப்பேனா, விளக்கைப் பார்ப்பேனா? மண்முனைப் பாலத்தில் ஏறியதும் எஞ்சினுக்குள் சம்மட்டியால் அடிப்பதுபோல ஓர் ஓசை எழுந்தது. பாலத்தின் நடுவில் கார் நின்றேவிட்டது.

2014இல் அந்தப் பாலம் திறக்கப்படுமுன் அவ்விடத்தில் வாவியைத் தோணியிலும் பாதையிலும் கடந்தவர்கள் நாங்கள். பாலம் வந்த பின்னும் வாவியின் நடுவில் செய்வதறியாது நின்றேன். நல்ல வேளையாகப் பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் மாமியை ஏற்றிச் சென்றார். மாமி பிழைத்துக்கொண்டார். எஞ்சின் பிழைக்கவில்லை.

காரை இழுத்துச் சென்ற கராஜின் உரிமையாளர் என்னிடம் பௌதிகவியல் படித்தவர். பொனற்றைத் திறந்து, அளவுகோலை உருவிப் பார்த்தார். அதன் நுனியில் ஒரு துளி ஒயிலும் இல்லை. அவர் சிரிக்கவில்லை; கோபிக்கவுமில்லை.

“சேர், அந்த லைற் ஒயில் குறைஞ்சதைச் சொல்லுறதுக்கில்லை, அமுக்கம் போனதைச் சொல்லுறதுக்கு. அது பத்துற நேரம் பாதிக் கதை முடிஞ்சிரும். குறைஞ்சதைச் சொல்லுறது இந்தக் கோல்தான்” என்றார்.

பிசுக்குமையைப் பற்றிக் கரும்பலகையில் எத்தனையோ ஆண்டுகள் எழுதியவன் நான். அன்று எனக்குப் பாடம் சொன்னவர் என் மாணவர்.

மாணவர்கள் இதன் காரணத்தை அறிந்துகொள்ளுதல் நன்று. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 தடவை சுழலுமாயின், ஒவ்வொரு பிஸ்டனும் விநாடிக்கு 50 தடவை மேலே சென்று கீழே வருகின்றது. இவ்வளவு வேகத்தில் இரும்போடு இரும்பு உராயாமல் காப்பது தலைமயிரினும் மெல்லியதோர் ஒயிற் படலமே. எஞ்சினின் அடியிலுள்ள தட்டில் தேங்கிக் கிடக்கும் ஒயிலை ஒரு பம்பி உறிஞ்சி எங்கும் அனுப்புகின்றது. ஒயில் குறைந்துவிட்டால், வளைவில் திரும்பும்போது இருப்பதும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பம்பி காற்றை உறிஞ்சும். என் கண்முன்னே விளக்கு மினுங்கியதன் பொருள் அதுவே.

“ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுகின்றேனே, இடையில் ஏன் பார்க்க வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு காரின் எஞ்சின் 3 லீற்றர் ஒயில் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். தேய்ந்த எஞ்சினாதலால் 2,000 கிலோமீற்றருக்கு 1 லீற்றரை அது எரித்துவிடுகின்றது. 5,000 கிலோமீற்றர் ஓடி முடியும்போது எரிந்து போனது இரண்டரை லீற்றர். மிஞ்சியது அரை லீற்றர். கராஜில் எழுதிக் கட்டிய அட்டைக்கு இந்தக் கணக்குத் தெரியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. ஆகவே, நம்மிடமுள்ள கார்களிற் பல வயது சென்றவை. அவற்றுக்கு இக்கணக்கு மிகவும் பொருந்தும்.

பார்க்கும் முறை எளிது. காரைச் சமதரையில் நிறுத்துங்கள். ஓடி வந்த காராயின் எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடமாவது பொறுங்கள். மேலே சென்ற ஒயில் கீழே வடிய வேண்டும். கோலை உருவி, நூல் பிரியாத பழந்துணியால் துடையுங்கள். மீண்டும் முற்றாகச் செருகி உருவுங்கள். முதல் முறை காட்டியதை நம்பலாகாது. கோலிலுள்ள இரு குறிகளுக்கிடையில், மேற்குறிக்குச் சற்றுக் கீழே ஒயில் நின்றால் நிம்மதி. கீழ்க்குறியை அண்டினால், அதே இலக்கமுடைய ஒயிலைச் சிறிது சிறிதாக ஊற்றி மறுபடியும் பாருங்கள். பல கார்களில் இரு குறிகளுக்கும் இடைப்பட்டது ஏறத்தாழ 1 லீற்றர். தாராள மனத்தோடு மேற்குறிக்கு மேலே ஊற்றுவதும் தீங்கே. சுழலும் தண்டு ஒயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை இரும்பைக் காக்காது.

அளவைப் பார்த்தபின் தன்மையையும் பாருங்கள். கறுத்துவிட்டது என்பதற்காகவே கலங்க வேண்டாம். டீசல் எஞ்சினில் புது ஒயிலும் விரைவிற் கறுக்கும். விரல்களுக்கிடையில் தேய்க்கும்போது மணல்போல நெருடினாலும், மினுமினுக்கும் துகள் தென்பட்டாலும், பெற்றோல் மணத்தோடு நீர்த்திருந்தாலும் கராஜுக்குப் போக வேண்டும். பால் விட்ட கோப்பி போல நிறம் மாறியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கின்றது. எஞ்சினை இயக்கவே கூடாது. ஆனால், ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெண்ணுரை படிந்து, கோலில் ஒயில் தெளிவாக இருந்தால், மாரிகாலத்தில் குறுந்தூரமே ஓடிய காரில் ஈரம் ஆவியாகாமல் தங்கியதாக இருக்கலாம். ஒருமுறை நெடுந்தூரம் ஓட்டிவிட்டு மறுபடியும் பாருங்கள். நுரை மறையாவிட்டாலோ, றேடியேற்றர் நீர் குறைந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வெள்ளம் நமக்குப் புதிதன்று. 2011 ஜனவரியில் இம்மாவட்டம் பட்ட பாட்டை அறிவோம். வெள்ளத்தில் நின்ற காரை வடிந்தவுடன் இயக்கிப் பார்க்கும் ஆசை எவருக்கும் எழும். அதற்கு முன்னர் கோலை உருவுங்கள். அளவு மேற்குறிக்கு மேலே ஏறியிருந்தால், ஒயில் பெருகிவிட்டதென்று பொருளன்று, நீர் புகுந்துவிட்டது. நீர் ஒயிலிலும் கனமானது. தட்டின் அடியில் தங்கும். பம்பி முதலில் உறிஞ்சுவதும் அதனையே. கோல் நல்ல செய்தி சொன்னாலும், காற்று புகும் வழியால் நீர் ஏறியிருக்குமோ என்று மெக்கானிக் ஒருவர் பார்த்த பின்னரே இயக்குக.

பேணியில் எழுதியுள்ள இலக்கங்களைப் பற்றியும் ஒரு சொல். 20டபிள்யூ-50 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிப்பது. பின்னுள்ள இலக்கம் 100 பாகை செல்சியஸில் ஒயிலின் தடிப்பைக் காட்டுவது. பழைய மொறிஸ் மைனருக்கு உகந்த தடித்த ஒயிலை, 0டபிள்யூ-20 கேட்கும் புதிய ஹைபிரிட் காருக்கு ஊற்றுவது, குழந்தைக்குப் பாட்டனாரின் மருந்தைக் கொடுப்பது போன்றது. காரின் கைந்நூல் சொல்வதே பிரமாணம்.

மாற்றி எடுத்த பழைய ஒயிலைக் கானில் ஊற்றிவிடாதீர்கள். நம்மூர்க் கான்கள் பலவும் வாவியிலேதான் முடிகின்றன. நீரின்மேற் பரவும் ஒயில், காற்றையும் வெளிச்சத்தையும் தடுத்து, மீன்குஞ்சுக்கும் இறாலுக்கும் எமனாகும். மூடியுள்ள பேணியில் சேர்த்துக் கராஜிலே கொடுங்கள்.

இப்பொழுது என்னிடமிருப்பது இன்னொரு பழைய கார். ஒன்றுவிட்ட ஞாயிறு தோறும் காலையில் அதன் கோலை உருவிப் பார்க்கின்றேன். நெடும்பயணம் புறப்படும் நாளிலும் பார்க்கின்றேன். என் மகள் துணியைப் பிடித்துக்கொண்டு அருகில் நின்று, அளவை ஒரு கொப்பியில் எழுதி வைக்கின்றாள். ஐந்து நிமிட வேலை. சென்ற மாதம் மாமி வீட்டுக்கு வந்தபோது இதனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அண்டைக்கும் இதைப் பாத்திருக்கலாமே, தம்பி” என்றார். மறுமொழி சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. கோலைத் துடைத்துச் செருகினேன்.