சட்டம் அடிக்குமுன் சுவரைப் பாருங்கள்

 

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் நெடுஞ்சாலையிலுள்ள கிளியனூரில் ஒரு சகோதரியின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். மகளின் நிக்காஹ் நெருங்குகிறது. கூடத்துச் சுவரில் தரை முதல் மேல்தளம் வரை மரச்சட்டங்களை வரிசையாக நிறுத்தி அழகுபடுத்த, வளைகுடாவிலிருந்து மகன் பணம் அனுப்பியிருக்கிறார். தச்சரும் முன்பணம் பெற்றுவிட்டார்.

"இந்தச் சுவரில் வண்ணம் நிற்பதேயில்லை, பூச்சும் உதிர்கிறது. சட்டம் அடித்தால் மறைந்துவிடுமல்லவா?" என்று அச்சகோதரி கேட்டார்.

மறைந்துவிடும், ஆனால் நீங்காது. நானே பட்டறிந்தது இது. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் படுக்கையறையின் ஓதச் சுவரைப் பலகையிட்டு மூடினேன். இரண்டு மழைக்காலம் கழிந்தபின் பின்புறம் முழுவதும் கரும்பூஞ்சை; ஆணிகள் துருவாய் உதிர்ந்தன. அதற்குள் என் இளைய மகனுக்கு இரவில் இளைப்பு வரத் தொடங்கியிருந்தது. பூஞ்சை இளைப்பைத் தூண்டும் என்று மருத்துவர் சொன்ன பிறகே பலகையைப் பிரித்தேன்.

கிளியனூருக்குக் கிழக்கே மரக்காணத்து உப்பளங்கள். இப்பகுதியில் உவர்நீரிலோ உவர்மணலிலோ கட்டிய சுவருக்குள் உப்பு தங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரைகிறது. காய்ந்தால் மீண்டும் படிகமாகிப் பூச்சைத் தள்ளுகிறது. மழையின்றியே சுவர் வியர்ப்பது இதனால்தான். போதாக்குறைக்கு, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது இம்மாவட்டத்து மயிலத்தில் 51 செ.மீ. மழை பதிவாயிற்று. அந்த வெள்ளம் நின்ற கோடு அக்கூடத்துச் சுவரில் இன்றும் தெரிகிறது.

சோதிப்பது எளிது. இரண்டடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நீர் துளித்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அப்படியாயின் கறை ஏறிய உயரத்திற்கு ஓரடி மேல்வரை பூச்சைக் கொத்தியெடுத்து, உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து (நீரூற்றிக் கழுவினால் உப்பு மீண்டும் உள்ளே போகும்), சில மாதங்கள் காயவிட்டு, சுண்ணாம்புப் பூச்சுப் பூசுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை ஆவியாய் வெளியேற விடும். எண்ணெய் வண்ணம் விடாது.

காய்ந்த சுவராயின் தாராளமாகச் செய்யலாம். இரண்டு அங்குல அகலச் சட்டத்தை ஓர் அங்குல இடைவெளியில் நிறுத்தினால், பத்தடிச் சுவருக்கு 40 சட்டம். பத்தடி உயரமெனில் 400 அடி நீள மரம். தச்சரிடம் விலை பேசுமுன் இக்கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மரம் நன்கு உலர்ந்ததாக இருக்கட்டும். முதலில் குறுக்குச் சட்டம் பொருத்தி, அதன்மேல் நெடுக்குச் சட்டம் அடித்தால் பின்னால் காற்று நடமாடும். ஆணி வேண்டாம், துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியே ஏற்றது. சட்டத்தின் வெட்டுமுனைகளுக்கும் கரையான் மருந்து பூச வேண்டும்; பெரும்பாலும் விட்டுவிடுவது அங்கேதான். கீழே இரண்டு அங்குலமாவது தரையைத் தொடாமல் இருக்கட்டும். பழைய வீடுகளில் தாழ்வாரத்து மரத்தூணைக் கல்லின்மேல்தான் நிறுத்தினார்கள். எம்.டி.எஃப். பலகை மலிவுதான், ஓதத்தில் உப்பிவிடும்.

கிளியனூர்ச் சகோதரியும் அன்றே தாள் ஒட்டினார். மூன்றாம் நாள் தொலைபேசியில் சொன்னார்: உட்புறம் முழுவதும் நீர்த்துளி. உள்ளறையை ஒட்டிய எதிர்ச்சுவரிலும் ஒட்டிப் பார்த்தார், அது காய்ந்திருந்தது. சட்டங்கள் அச்சுவருக்கு மாறின. முன்பணத்தில் ஒரு பைசாவும் வீணாகவில்லை. நனைந்த சுவரின் பூச்சைக் கொத்தியாயிற்று. நிக்காஹ் அன்று அதன்முன் திரைச்சீலை தொங்கும். "மகனுக்கு எப்படிச் சொல்வது?" என்றுதான் அவருக்குக் கவலை. சுவரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.