ஹைட்ரஜன் வண்டி எத்தனை வருஷம் தாங்கும்? பதில் பிளாட்டினத்தில் இல்லை, அதைத் தாங்கும் கரியில்!

சென்னை ஐ.சி.எஃப்-பில் 2025 ஜூலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டி சோதிக்கப்பட்டது. ‘புகை வராது, தண்ணீர்தான் வரும்’ என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால், இந்த வண்டிகளின் ஃப்யூல் செல் எத்தனை வருஷம் உழைக்கும்?

ஃப்யூல் செல்லுக்குள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரம் தருகின்றன. வினையூக்கி, பிளாட்டினம். விலையைச் சொல்லவே வேண்டாம்! அதனால் சில நானோமீட்டர் துகள்களாக்கி, ‘கார்பன் பிளாக்’ என்ற கரிப்பொடி மேல் பதிக்கிறார்கள்.

சிக்கலே அந்தக் கரியில்தான். வண்டியை ஸ்டார்ட் செய்து நிறுத்தும்போது, காற்று வரும் பக்கத்து மின்முனையில் மின்னழுத்தம் கொஞ்ச நேரம் 1.4 வோல்ட்டைத் தாண்டி எகிறலாம். அப்போது கார்பன், தண்ணீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். காலுக்குக் கீழே தரையே இல்லையென்றால் எப்படி நிற்பது? பிளாட்டினம் கழன்றுபோகும், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி, வேலை செய்யும் பரப்பு குறையும்.

இங்கேதான் கார்பன் நானோ குழாய் வருகிறது. ஜப்பானின் சுமியோ இஜிமா 1991-ல் வெளியிட்ட கட்டுரையால் பிரபலமான பொருள். கிராஃபைட் தாளைச் சுருட்டியது போன்ற அமைப்பு என்பதால் எளிதில் அரிக்காது. ஆனால், சுவர் வழவழவென்று இருப்பதால் பிளாட்டினம் ஒட்டாது.

பழைய வழி, நைட்ரிக், சல்ஃப்யூரிக் அமிலங்களில் போட்டு எடுப்பது. குழாயின் மேல் ஆக்சிஜன் உள்ள தொகுதிகள் முளைக்கும். பிளாட்டினம் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால், அந்தப் பிடிமானம் ஒவ்வொன்றும் சுவரில் விழுந்த காயம். அரிப்பும் அங்கேதான் ஆரம்பிக்கும். உறுதிக்காகக் குழாயைத் தேடிப்போய், அந்த உறுதியையே கெடுத்த கதை!

ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் நகாஷிமா, ஃபுஜிகயா குழு வேறு வழி பிடித்தது. குழாயைத் துளைக்காமல், பாலிபென்ஸிமிடசோல் என்ற பாலிமரை அதன் மேல் போர்த்தினார்கள். பாலிமரின் வளையங்கள் குழாயோடு படிந்துகொள்ளும். அதிலுள்ள நைட்ரஜன் பிளாட்டினத்தைப் பிடித்துக்கொள்ளும். சுவருக்குச் சேதமில்லை. இந்த முறையில் செய்த செல், 120 டிகிரி செல்சியஸில் ஸ்டார்ட்-ஸ்டாப் சோதனையை நீண்ட காலம் தாங்கியதாக 2013-ல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் எழுதினார்கள். குழாயின் கார்பன் அணுக்கள் சிலவற்றுக்குப் பதில் நைட்ரஜனைச் சேர்ப்பது இன்னொரு வழி. அதிலும் அளவு மிஞ்சினால் சுவர் பலவீனமாகும்.

ஆனாலும் இது ஒற்றைச் செல் சோதனைதான். வண்டிக்கு நூற்றுக்கணக்கான செல்களை அடுக்க வேண்டும், ஒன்று சொதப்பினால் அடுக்கே பாதிக்கும். கார்பன் பிளாக்கோ டன் கணக்கில், மலிவாகக் கிடைக்கிறது. நானோ குழாய் ஜெயிக்க வேண்டிய போட்டி அந்த விலையோடுதான்.