கட்டுரைக்கும் உறவு உண்டு!

கொங்கு நாட்டுக் கல்யாண வீட்டில் புதியவர் ஒருவர் வந்து உட்கார்ந்தால், "எந்த ஊருங்க? யாரு வீடுங்க?" என்று கேட்பார்கள். இரண்டே கேள்விதான், பங்காளியா, மாமன் மச்சானா என்பது விளங்கிவிடும். ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கும் இப்படி உறவுமுறை உண்டு என்றால் நம்புவீர்களா?

உடுமலைப்பேட்டைத் தென்னந்தோப்புக்காரர்களுக்குச் சுருள் வெள்ளை ஈயைத் தெரியும். 2016-ல் பக்கத்துப் பொள்ளாச்சியில் தலைகாட்டிய பூச்சி அது. ஓலையின் சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் தேன் போன்ற நீரில் பூசணம் படர்ந்து ஓலை கரிபூசியது போலாகிவிடும்.

விவசாயக் கல்லூரி மாணவி ஒருத்தி இதற்கு வழி தேடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரில் 'தென்னை' என்று தட்டினால் கட்டுரைகள் குவியும். ஆனால் முக்கியமான ஒன்று நழுவிவிடலாம். 2009-ல் இதே ஈ அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் நுழைந்தபோது, 'கம்போ லிம்போ' என்ற வேறொரு மரத்தின் பெயரால் அல்லவா அதை அழைத்தார்கள்!

இங்கேதான் 'கனெக்டட் பேப்பர்ஸ்' போன்ற இணையக் கருவிகள் கைகொடுக்கின்றன. தெரிந்த ஒரு கட்டுரையைக் கொடுத்தால் போதும். திரையில் வட்டங்களும் கோடுகளுமாக ஒரு படம் விரியும். ஒவ்வொரு வட்டமும் ஒரு கட்டுரை. பலர் மேற்கோள் காட்டியது பெரிய வட்டம். நெருங்கிய உறவு பக்கத்திலேயே நிற்கும்.

உறவை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இரு கட்டுரைகள் ஒரே பழைய கட்டுரைகளை ஆதாரம் காட்டினால் அவை பங்காளிகள். இது 1963-ல் கெஸ்லர் சொன்ன வழி. பின்னால் எழுதியவர்கள் இரண்டையும் சேர்த்தே குறிப்பிட்டால், அவை எல்லா விசேஷத்துக்கும் ஒன்றாக அழைக்கப்படும் சம்பந்திகள். இது 1973-ல் ஹென்றி ஸ்மால் விளக்கிய வழி.

அந்தக் கோடுகளைப் பிடித்துப் போனால் ஃப்ளோரிடா என்ன, 2004-ல் மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டு ஈக்களை ஆராய்ந்து இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டிய கட்டுரை வரைக்கும் போகலாம். வழியில் 'என்கார்சியா' என்ற குட்டிக் குளவியும் அகப்படும். ஈயின் இளம் பூச்சிக்குள் முட்டையிட்டு, அதைத் தீர்த்துக் கட்டும் நண்பன்! கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது அந்த நண்பனாக இருக்கலாம். காசும் போய், காவலும் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை: படம் காட்டுவது உறவை, யோக்கியதையை அல்ல. மறுப்பதற்காகவும் மேற்கோள் காட்டுவார்கள். நேற்று வெளியான கட்டுரையும், தமிழில் வந்ததும் படத்தில் விழாமல் போகலாம். உறவுக்காரர் என்பதற்காகவே கடன் கொடுத்துவிடுவோமா? ஆளைப் பார்த்து, குணத்தையும் பார்ப்போம். கட்டுரையையும் அப்படியே: படத்தைப் பார்த்தபின், படித்துத்தான் நம்ப வேண்டும்.