அரிய பறவையும் அதற்குரிய சான்றும்

வேல்ஸ் நாட்டின் தென்மேற்குக் கோடியில் பெம்புரோக்ஷயர் என்னும் மாவட்டம் உள்ளது. மூன்று புறமும் கடல் சூழ்ந்த இந்நாட்டுப்புறப் பகுதியின் கரையிலும், அதனை அடுத்த சிறு தீவுகளிலும், வலசை செல்லும் காலங்களில் வழி தவறிய பறவைகள் வந்திறங்குவதுண்டு. அவற்றைக் காண்போர் உவகை கொள்வது இயல்பே. ஆயினும் அவ்வுவகை எப்பொழுது விஞ்ஞானச் செய்தியாகிறது என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

அம்மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்கோக்ஹோம் என்னும் தீவில் 1927ஆம் ஆண்டில் குடியேறிய ரொனால்டு லாக்லி என்பார், 1933இல் பிரிட்டனின் முதற் பறவை ஆய்வு நிலையத்தை அங்கே நிறுவினார். இத்தகைய நிலையங்களில் நாள்தோறும் கண்ட பறவைகளை, எளியவை அரியவை என்ற வேறுபாடின்றி, மாலையில் கணக்கெடுத்துக் குறிப்பேட்டில் எழுதுவது வழக்கம். எளிய பறவைகளின் வரவு செலவை அறிந்தவனுக்கே அரியது எதுவென்று புலப்படும்.

1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அத்தீவில் ஒரு நெட்டைக்காலிப் பறவை காணப்பட்டது. அதன் தோற்றம் குறிப்பில் பதிவாயிற்று. அது பச்சை சாயல் படிந்த முதுகுடைய ஆசிய நெட்டைக்காலி என்பது, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதுவரையில், 1964இல் ஸ்காட்லாந்தின் ஃபேர் தீவில் காணப்பட்டதே பிரிட்டனின் முதற் பதிவு எனக் கருதப்பட்டு வந்தது. இதே பறவை குளிர்காலத்தில் நம் தீபகற்பத்து மலைக்காடுகளுக்கும் வருவதாகும். ஆகவே அருமை என்பது பறவையின் குணமன்று. அது இடத்தையும் காலத்தையும் பொறுத்தது.

இந்நிகழ்ச்சி உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. பறவைக்கு இடும் பெயர் காண்பவரின் முடிவு. அவர் எழுதிவைக்கும் வருணனையே சான்று. முடிவு பிழைபடலாம், பின்னர்த் திருத்தவும்படலாம். சான்று இல்லையேல் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

சான்று தளர்ந்தால் நேரும் கேட்டிற்குத் தென் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் வட்டாரம் உதாரணமாகும். 1892 முதல் 1930 வரை அங்கிருந்து வந்த அரும்பறவைப் பதிவுகளுள் ஏறத்தாழ அறுநூறு, ஐயத்திற்குரியவை என 1962இல் நீக்கப்பட்டன. அவற்றுள் மெய்யானவையும் சில இருந்திருக்கலாம்; ஆனால் பொய்யினின்று அவற்றைப் பிரித்தறிய வழியில்லாது போயிற்று.

இன்று பிரிட்டன் முழுவதற்கும் அரியவான பறவைகளின் பதிவுகளை 1959இல் அமைந்த குழுவொன்று ஆராய்கிறது. வேல்ஸ் அளவில் அரியவற்றை வேறொரு குழு ஆராய, ஏனையவற்றை மாவட்டப் பதிவாளர் கவனிக்கின்றார். இக்கண்டிப்பு ஆர்வலரின் ஊக்கத்தைக் குலைக்கும் என்பர் சிலர். ஒருவர் கண்ணால் கண்டதை, காணாத குழுவினர் மறுப்பது முறையா என்றும் வினவுவர். இவ்வினாவில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் குழு எடைபோடுவது மனிதரின் நேர்மையை அன்று, எழுத்திலுள்ள சான்றையே. ‘மெய்ப்பிக்கப்படவில்லை’ என்பது ‘பொய்’ என்று பொருள்படாது. இவ்வேறுபாட்டைக் குழுவினரும் தம் விடையில் தெளிவாகவும் பண்புடனும் உரைத்தல் வேண்டும். மறுத்த பதிவையும் எறிந்துவிடாது காத்தல் வேண்டும்.

நம் நாட்டின் வன ஊழியர்களும் வேளாண்மை ஊழியர்களும் கிராமப் பள்ளி ஆசிரியர்களும் எந்த ஆராய்ச்சியாளரையும்விட மிகுதியான நாட்களை வெளியில் கழிக்கின்றனர். அவர்களிடம் அறியாத பறவையொன்று தோன்றினால், நூலைப் புரட்டுமுன் நாள், நேரம், இடம், தொலைவு, ஒளியின் நிலை, உருவின் அளவு, நிறம், குரல், நடத்தை ஆகியவற்றை அவ்விடத்திலேயே எழுதிவைப்பது நன்று. நூலைப் பார்த்த பின் எழுதினால், கண்டதோடு படித்ததும் கலந்துவிடும். கைப்பேசியில் எடுத்த படம் பெருந்துணையே. எனினும் குரலையும் நடத்தையையும் அது பெரும்பாலும் காட்டாது. காணாத உறுப்பைக் ‘காணவில்லை’ என்றே எழுதப் பழகுமாறு மாணவர்க்குக் கற்பித்தலும் வேண்டும்.

பறவை ஒரு நாழிகை நின்று பறந்துவிடும். பின்வருவோர் அதனை மீண்டும் ஆராய்வதற்கு எஞ்சுவது, கண்டவர் எழுதிவைத்த குறிப்பு ஒன்றேயாகும்.