பட்டனை அமத்த முதல்

சேர்வர் பராமரிப்பு என்றதும் எங்கட பீடத்தில் கனபேர் கையை விரித்துவிடுவார்கள். அது ஐ.ரி. பொடியள் பாக்கிற வேலையாம். அட்டைப்படம் எது, எந்தக் கவிதையை முன்னுக்குப் போடுவது என்று மூன்று கூட்டம் வைத்துச் சண்டை பிடிக்கிற நாங்கள், அந்த எழுத்தெல்லாம் எங்கே கிடக்கிறது என்று கேட்பதே இல்லை. கிடப்பது ஒரு டேட்டாபேசுக்குள். சேர்வரை நிர்வகிக்கிற சொஃப்ட்வெயாரை அப்கிரேட் பண்ண முதல், அது அந்த டேட்டாபேசோடு ஒத்துப்போகுமா என்று பார்ப்பது ஆசிரியர் குழுவின் வேலையும்தான் என்கிறோம் நாங்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு மாணவர் சஞ்சிகைக்கு இப்படி நடந்தது. எப்பவோ படித்து முடித்துப் போன ஒரு சீனியர் பிஎச்பியில் கட்டிக்கொடுத்த தளம். ஹொஸ்டிங் கம்பனி ஒருநாள் தன் கொன்ட்ரோல் பனலையும் அதோடு சேர்த்து மைஎஸ்கியூஎல்லையும் புதுப்பித்தது. விடிய எழும்பிப் பார்த்தால் அத்தனை பக்கத்திலும் தமிழுக்குப் பதிலாகத் தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள்.

வைரசும் இல்லை, செய்வினையும் இல்லை. மைஎஸ்கியூஎல் 5.7 வரைக்கும் இயல்பான எழுத்துமுறை லத்தீன்1. 2018இல் வந்த 8.0இல்தான் அது யுடிஎஃப்8எம்பி4 ஆக மாறியது. யுனிகோட் தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேணும். நாங்கள் ஒரு எழுத்தாக எண்ணுகிற 'கோ' உள்ளுக்குள்ளே 6 பைட். பழைய தளம் அந்த 6 பைட்டையும் ஆறு லத்தீன் எழுத்து என்று நினைத்து வாங்கி வைத்தது, கேட்டபோது அப்படியே திருப்பிக் கொடுத்தது. போகும்போதும் பிழை, வரும்போதும் அதே பிழை, அதனால் திரையில் தமிழ் வடிவாகத் தெரிந்தது. புதிய பதிப்போ தன் பக்கத்தைச் சரியாகச் செய்யத் தொடங்கியது. பழைய பொய் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

இதில் ஒரு விசயத்தை மட்டும் மனதில் வைத்தால் போதும். கொம்பு முளைத்த எழுத்துகள் தெரிந்தால் பெரும்பாலும் பைட்கள் பத்திரமாகவே இருக்கும், மீட்கலாம். டேட்டாபேசுக்குள்ளேயே கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்டுவிட்டால் அந்த எழுத்து போனதுதான். அந்தச் சஞ்சிகைக்காரர் பதறிப்போய்ப் பழைய கட்டுரைகளைத் திறந்து, திரும்பத் தட்டச்சுச் செய்து சேமித்தார்கள். சேமித்ததெல்லாம் கேள்விக்குறியாய் விழுந்தது. பேசாமல் இருந்திருந்தால் முழுதையும் காப்பாற்றியிருக்கலாம்.

"பனலே செக் பண்ணுமே" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், சிபனல் போன்றவை மிகப் பழைய டேட்டாபேஸ் பதிப்பைக் கண்டால் அப்கிரேட்டைத் தடுத்துவிடும். ஆனால் அது பார்ப்பது பதிப்பு இலக்கத்தை. எங்கட தளத்தின் கோடுக்குள் என்ன இருக்கு என்று அதற்குத் தெரியாது. உதாரணத்துக்கு, 8.0இல் 'ராங்க்', 'குரூப்ஸ்' போன்ற சொற்கள் ஒதுக்கப்பட்ட சொற்களாகிவிட்டன. பரீட்சைப் பெறுபேறு போடுகிற ஒரு தளத்தில் 'ராங்க்' என்ற பெயரில் ஒரு நிரல் இருப்பது அதிசயமா? மேற்கோள் குறி போடாமல் அதை எழுதியிருந்தால் அந்தப் பக்கம் அப்படியே படுத்துவிடும். 7.4க்கு முந்திய பிஎச்பி என்றால் 8.0இன் புதிய கடவுச்சொல் முறையோடு அதற்குக் கதைக்கவே தெரியாது.

சரி, பிழைத்தால் திரும்பிப் போகலாம்தானே? முடியாது. 8.0இலிருந்து 5.7க்கு இறங்குவதற்கு மைஎஸ்கியூஎல் வழி வைக்கவில்லை. முதலே எடுத்த பக்கப் மட்டும்தான் வழி. அதையும் வேறொரு இடத்தில் விரித்துப் பார்த்து, தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று கண்ணால் காணவேணும். விரித்துப் பாராத பக்கப்பை நாங்கள் பக்கப் என்று கணக்கெடுப்பதில்லை.

இவ்வளவு கரைச்சல் என்றால் அப்கிரேட்டே வேண்டாம் என்கிற ஆக்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்க கிளவுட் மீது ரான்சம்வெயார் தாக்குதல் நடந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன, ஏறக்குறைய 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013 பதிப்பு. புதுப்பிக்கிற திட்டம் 2021இலிருந்தே இழுபட்டது என்று பிறகு சொன்னார்கள். அந்த மாதங்களுக்கு வெளியே எடுத்து வைத்த பக்கப்பும் இல்லை. காசும் ஆளணியும் உள்ள அரசாங்கத்துக்கே இந்தக் கெதி.

ஆகவே புதுப்பிக்கத்தான் வேணும், பார்த்துப் புதுப்பிக்க வேணும். பார்ப்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. வேர்ட்பிரஸ் என்றால் 'சைட் ஹெல்த்' பக்கத்திலேயே டேட்டாபேசின் பதிப்பு இருக்கும், பிஎச்பிமைஅட்மின் திறந்தால் முகப்பிலேயே காட்டும். அந்த இலக்கத்தைப் புதிய பனலின் வெளியீட்டுக் குறிப்போடும், தளத்தின் சொஃப்ட்வெயார் கேட்கிற குறைந்தபட்சப் பதிப்போடும் வைத்துப் பார்க்கலாம். மைஎஸ்கியூஎல் ஷெல்லில் அப்கிரேட்டுக்கு முன் சோதிக்கிற கருவி ஒன்று சும்மாவே கிடைக்கிறது. அதை ஓட விட்டால் சிக்கல் தரக்கூடியவற்றை வரிசையாகச் சொல்லும். அதை இயக்க ஐ.ரி. பொடியள் வரட்டும். அது சொல்வதை வாசிக்கும்போது குழுவில் இன்னும் ரெண்டு பேராவது பக்கத்தில் இருக்கட்டும். பாஸ்வேர்ட் ஒருவரிட்ட மட்டும் இருக்கிற தளங்கள் அவர் பட்டம் பெற்றுப் போன அடுத்த வருசமே அநாதையாவதைக் கண்டுகொண்டுதான் இருக்கிறோம்.

5.7க்கான ஆதரவு 2023 ஒக்டோபரோடு முடிந்தது. 8.0க்கான காலக்கெடு 2026 ஏப்ரல். அடுத்த நீண்டகாலப் பதிப்பான 8.4இல் பழைய கடவுச்சொல் முறை இயல்பாகவே மூடப்பட்டிருக்கிறது. உங்கட சங்கத்தின் தளம் எந்த இலக்கத்தில் ஓடுகிறது, அடுத்த அப்கிரேட் எப்போது, கடைசி பக்கப்பை யார் விரித்துப் பார்த்தது? ஹொஸ்டிங் கம்பனிக்கு இந்தக் கிழமையே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதையும் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேருங்கள், அட்டைப்படத்துக்கு முதல்.