மலரும் போர்விமானமும்

மலர், பறவை, மரம் ஆகியவற்றைத் தம் அடையாளங்களாகக் கொள்வது பல மாநிலங்களின் வழக்கம். அமெரிக்க ஐக்கிய நாட்டிலுள்ள இந்தியானா மாநிலத்தின் மலர் பியோனி. பறவை செந்நிறக் கார்டினல். அவ்வரிசையில், 2015-ஆம் ஆண்டில், ஒரு போர்விமானமும் இடம்பெற்றது. பி-47 தண்டர்போல்ட் என்பது அதன் பெயர். தண்டர்போல்ட் என்றால் இடியேறு. சிறகுகளில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகளைத் தாங்கிப் பறந்த விமானம் அது. உயிர் பறிக்கும் கருவியை மலரோடு சேர்த்து எண்ணலாமா? கேட்கத் தக்க கேள்விதான்.

விடையை எவான்சுவில் நகரில் தேடவேண்டும். ஓகையோ ஆற்றங்கரையிலுள்ள அந்நகரில் 1942-ஆம் ஆண்டில் ஒரு விமானத் தொழிற்சாலையைக் கட்டத் தொடங்கினர். கட்டடம் முற்றுப்பெறும் முன்னரே, அவ்வாண்டு செப்டம்பரில், முதல் விமானம் வெளிவந்துவிட்டது! போர் முடிவதற்குள் அங்கு உருவானவை 6,000-க்கும் மேற்பட்டவை. அவற்றைச் செய்தவர் யாவர்? அவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்த எளிய மக்கள். அவருள் பெண்கள் பெருந்தொகையினர். அடுப்பங்கரையில் பழகிய கைகள் உலோகத் தகடுகளில் தறையாணி அடிக்கக் கற்றன. வானில் செல்லும் வீரனின் உயிர் அவ்வாணிகளின் உறுதியை நம்பியிருந்தது. விமானத்தை வடிவமைத்தவர் ஜார்ஜியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அலெக்சாந்தர் கார்ட்வெலி என்பதை நூல்கள் கூறும். ஆணி அடித்த பெண்ணின் பெயரை எங்கே காண்பது? அவளுக்கு உரிய சிறப்பாகக் கொண்டால், இவ்விமானம் மாநில அடையாளமாவது தக்கதே என்பது என் கருத்து.

ஆயினும், வீரம் ஒன்றையே பேசி அமைந்துவிடுதல் நேர்மையாகாது. இவ்வகை விமானங்கள் ஐரோப்பாவில் பாலங்களையும் இரயில்களையும் தகர்த்தன. இரயிலில் செல்வோர் அனைவரும் போர்வீரர் அல்லர். பிரிட்டிஷ் விமானப்படையினர் நம் அண்டை நாடாகிய பர்மாவின் போர்முனையிலும் இவற்றைச் செலுத்தினர். போர்முனை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அங்கும் சிற்றூர்கள் இருந்தன, வயல்கள் இருந்தன.

2020-ஆம் ஆண்டில் எவான்சுவிலின் போர்க்கால அருங்காட்சியகத்துக்கு இவ்வகை விமானம் ஒன்று வந்து சேர்ந்தது. அதைக் காண வரும் சிறுவன் முதலில் துப்பாக்கிகளைத்தான் எண்ணுவான். அது அவ்வயதின் இயல்பு. உடன் வரும் ஆசிரியர் அவனை இன்னும் சற்று நேரம் அங்கே நிறுத்தவேண்டும். சிறகில் நெருங்கி அமைந்த தறையாணிகளையும் அவனுக்குக் காட்டவேண்டும். பின்னர் ஒரு நிலப்படத்தை விரித்து, இவ்வகை விமானங்கள் குண்டு வீசிய ஊர்களையும் அவனுக்குக் காட்டவேண்டும்.