ஃபுல் கவரேஜாம், ஃபுல் கவரேஜ்!

மக்களே, கலிபோர்னியாவுல பொட்டி தட்டுற நம்ம ஆளுங்க யாரைக் கேட்டாலும் "ஃபுல் கவரேஜ் எடுத்திருக்கேன் பாஸ்"ம்பாங்க. பாலிசியைத் திறந்து பாருங்க. பம்பருக்குக் காப்பீடு இருக்கும், கண்ணாடிக்கு இருக்கும். 'அன்இன்ஷூர்ட் மோட்டாரிஸ்ட்'னு ஒரு வரி வரும் பாருங்க, அது மட்டும் வேணாம்னு தள்ளியிருக்கும்.

இன்சூரன்ஸே இல்லாத ஒருத்தன் வந்து இடிச்சா, வைத்தியச் செலவு, போன சம்பளம், வலி எல்லாத்துக்கும் உங்க கம்பெனிகிட்டயே கேக்குற வழி அது. கம்பெனி அதைக் கொடுத்தே ஆகணும்ங்கறது சட்டம். வேணாம்னா நீங்கதான் கையெழுத்துப் போட்டுத் தரணும். நம்மாளு பிரீமியத்துல நாலு காசு மிச்சம்னு போட்டுத் தந்திடுறாரு. தகரத்துக்குக் கொடுக்குற மரியாதை எலும்புக்கு இல்ல!

"ஆபீஸ்ல ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கே?" இருக்கு, உங்களுக்கு. ஆறு மாச விசாவுல வந்து பின்சீட்ல உக்காந்திருக்கிற அம்மா அப்பாவுக்கு? நாம வாங்கிக் கொடுத்த அந்த மலிவான விசிட்டர் இன்சூரன்ஸை நம்பியா? நீங்க தள்ளிவிட்ட வரி அவங்களையும் சேர்த்துக் காப்பாத்தியிருக்கும். இடிச்சவன் மேல கேஸ் போடலாம்தான். இன்சூரன்ஸ் கட்ட வக்கில்லாதவன்கிட்ட எதை வாங்குவீங்க? கட்டினவனே குறைஞ்சபட்சமா ஆளுக்கு 30,000 டாலருக்கு வச்சிருந்தாப் போதும். 2025-க்கு முன்னாடி வெறும் 15,000. இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு அது எந்த மூலைக்கு?

அந்த வரி இருக்கறவங்களும் ரொம்ப ஆடாதீங்க. க்ளைம்னு வந்துட்டா மாசாமாசம் பணம் வாங்கின கம்பெனிதான் எதிர்க்கட்சி. அன்பாப் பேசுவாங்க, பேச்சைப் பதிவும் பண்ணுவாங்க. எப்படி இருக்கீங்கன்னு கேட்டா கழுத்துல பட்டையோட 'ஃபைன்'னு சொல்ற வாய் நமக்கு :-) டாக்டர் முடிவாச் சொல்றதுக்கு முன்னாடி எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. இடிச்சவன் ஓடிட்டான்னா 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல சொல்லணும். வண்டி உரசாமப் போயிருந்தா க்ளைமே கிடையாது. முக்கியமா, விபத்து நடந்து 2 வருஷத்துக்குள்ள பேசி முடிக்கணும், இல்ல முறைப்படி எழுத்துல ஆர்பிட்ரேஷன் கேட்டிருக்கணும். போன்ல இழுத்துக்கிட்டே இருந்தா உரிமை போயிடும்.

க்ளைம் போட்டா பிரீமியம் ஏறும்னு ஒரு வாட்சப் பல்கலைக்கழகம் கிளப்பி விடுது. தப்பு உங்க மேல இல்லன்னா இந்த மாநிலத்துல ஏத்தக்கூடாது. பாலிசியைப் புதுப்பிக்கிற வரைக்கும் காத்திருக்கவும் வேணாம், நடுவுலயே சேத்துக்கலாம். அம்மா அப்பாவுக்கு டிக்கெட் போட்டாச்சுன்னா இன்னைக்கே கூப்பிட்டுக் கேளுங்க.